இன்னொரு தடவை பாருடா

சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “ரோபோ நின்ற நேரம், அதை நிறுத்தச் சொன்ன சென்சார் சிக்னலுக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கிறது. நெட்வொர்க் கார்டில் இருக்கும் கடிகாரம் தப்புக் காட்டுமா சார்?”

காட்டும். தகவல் கேபிளில் வந்து சேரும் கணத்திலேயே நேரமுத்திரை குத்துவது கார்டின் சிப்புக்குள் இருக்கும் அந்தக் கடிகாரம்தான். 2002-ல் வந்த ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறைப்படி, லைனில் உள்ள இயந்திரங்கள் மைக்ரோ செகண்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஒத்துப்போவது இதை நம்பித்தான்.

அந்த நேரம் 64 பிட் எண். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை இரண்டு 32 பிட் பாதிகளாகப் படிக்கிறது. முதலில் கீழ்ப்பாதி, பிறகு மேல்பாதி. வினை அந்த இடைவெளியில் இருக்கிறது.

அப்பா பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டியவர். ஓடும் வண்டியில் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. ஒருநாள் 19,999. கடைசி மூன்று எண்ணை 999 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் 20 வந்துவிட்டது. நோட்டில் 20,999! ஓடாத ஆயிரம் கிலோமீட்டர். “999 வந்தா இன்னொரு தடவை பாருடா” என்றார் அப்பா.

இன்டெல் கார்டுகளுக்கான லினக்ஸின் இ1000இ டிரைவர் செய்வதும் அதுவே. கீழ்ப்பாதியைப் படித்ததும் மேல்பாதி உறைந்து நிற்க வேண்டும். அது சரியாக நடப்பதில்லை என்று நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. அதனால் கீழ்ப்பாதி நிரம்பும் தறுவாயில் இருந்தால் மறுபடி பார்க்கும். எண் குறைந்திருந்தால் மேல்பாதியையும் புதிதாகப் படிக்கும்.

82574, 82583 சிப்புகளில் இன்னொரு கோளாறு: படித்த எண்ணில் சில பிட்டுகளே தப்பாக வரலாம். இதற்கு டிரைவர் வைத்திருக்கும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கடிகாரம் துடிப்புக்குத் துடிப்பு ஒரே அளவுதான் கூடும். ஆகவே இரண்டு முறை படித்துக் கழித்தால், வித்தியாசம் அந்த அளவின் மடங்காக, ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஐந்து ரூபாய் டிக்கெட் மட்டுமே கிழித்த கண்டக்டர் பையில் 43 ரூபாய் இருந்தால் மறுபடி எண்ணத்தானே வேண்டும்? டிரைவரும் எண்ணுகிறது, 50 தடவை வரை.

சிப்பின் பிழைப்பட்டியலை யாரோ பொறுமையாகப் படித்ததால் எழுதப்பட்ட வரிகள் இவை. நம் லைன்களிலோ, கணினி வந்த நாளில் போட்ட டிரைவர்தான் இன்றும். “ஓடுதுல்ல, விடு.” கிரீஸ் வைத்த தேதிக்கு ரிஜிஸ்டர் உண்டு; டிரைவர் பதிப்புக்குக் கிடையாது. பதிவு முன்பின்னானால் நைட் ஷிப்ட் பையனுக்கு மெமோ. இது அநியாயம்.

நண்பரே, சிப் எண்ணையும் டிரைவர் பதிப்பையும் குறித்துக்கொண்டு பிழைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை அந்தப் பதிவை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்க விடாதீர்கள்.