விசைப்பலகை யார் கையில்?
(மாணவியர்க்கான ஹேக்கத்தான் பற்றி ஒரு விளக்கம்)

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, நம் ஆனைக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் பெண்களை நாம் அனைவரும் அறிவோம். அப்படி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. என் தாயார் காய் எடுத்தார். என் மகள் பொறியியல் படிக்கிறாள்.

முதலாண்டில் அவள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, காலேஜ்ல ஹேக்கத்தான் நடக்குது. ராத்திரி அங்கேயே இருக்கணும். கையெழுத்துப் போடுங்க." "ஹேக்குன்னா கம்ப்யூட்டர்ல திருடுறதுதானே? அதுவும் ராத்திரியிலயா?" என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் உறுத்தியதால் தேடிப் படித்ததையே அன்பர்கள் முன் வைக்கிறேன்.

'ஹேக்' என்பதற்குக் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சாமர்த்தியமாக ஒன்றைச் செய்து முடித்தல் என்றும் பொருளுண்டு. அதனுடன் மாரத்தானின் வாலைச் சேர்த்தால் ஹேக்கத்தான். 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி மென்பொருளாளர் பத்துப் பேர் கூடி வேலை செய்தபோது இச்சொல் வழக்குக்கு வந்தது. கல்லூரிகளில் இது பெரும்பாலும் 24 அல்லது 36 மணி நேரம் நடக்கும். நாலைந்து பேர் ஓர் அணி. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்கும் மென்பொருளையோ கருவியையோ முடிந்தமட்டும் செய்து, நடுவர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். இடையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்வர நேரமிராது, ராத்தங்கல் அதனால்தான்.

சரி, பெண்களுக்குத் தனியாக எதற்கு? 2017 முதல் நடந்துவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அணியில் சேர்ந்தபின் அவளுக்கு என்ன வேலை தருகிறார்கள் என்பதை விதி சொல்லாது. "பசங்க புரோகிராம் எழுதுவாங்கப்பா. எங்களை பிபிடி பண்ணச் சொல்வாங்க, மேடையில பேசச் சொல்வாங்க" என்றாள் மகள். பெண்கள் மட்டும் உள்ள அணியில் அப்படித் தள்ளிவிட ஆளில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் விசைப்பலகை அவர்கள் கைக்குத்தான் வரும்.

இது புதிதாகக் கேட்கும் சலுகையும் அன்று. 1946இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். பெயரோ, இயந்திரத்தைக் கட்டிய ஆண்களுக்குப் போயிற்று.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2015இல் தொடங்கிய டெக்னிகா, பெண்களோடு நான்-பைனரி மாணவர்களுக்கும் உரியது. கேரளத்தில் டிங்கர்ஹப் அமைப்பு 'டிங்க்ஹெர்ஹேக்' என்ற பெயரில் கல்லூரி மாணவியர்க்கென்று நடத்தியிருக்கிறது. நான்-பைனரி என்போர், ஆண் பெண் என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் தம்மை உணராதவர்கள். அவர்களும் பல அணிகளில் ஓரமாக நிற்க நேர்வதால்தான் இந்த அழைப்பு. இதைக் கேட்டு நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தொல்காப்பியரோ கிளவியாக்கத்தில், பேடியரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறே வரும் என்று விதி வகுத்தார். இருபாலில் அடங்காதார் என்பதற்காக அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை. நம் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது 2014இல். திருநர்க்கான கொள்கையைக் கேரள அரசு வெளியிட்டது 2015இல்.

மறு ஆண்டு மாணவியர்க்கான ஹேக்கத்தான் வந்தபோது கையெழுத்துப் போட்டேன். போடுமுன், இரவில் யார் பொறுப்பு, தங்க இடம் எங்கே, காலையில் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டேன். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்பது அதில் இல்லை.

அவளும் மூன்று தோழியரும் எடுத்துக்கொண்ட சிக்கல், மலையாளத்தில் அச்சான விண்ணப்பத்தைப் படமெடுத்தால் தமிழில் வாசித்துக் காட்டுவது. மலையாளம் படிக்கத் தெரியாத என் தாயார், ஆஸ்பத்திரியிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் தாளை நீட்டி யாரிடமாவது கெஞ்சி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பரிசு கிடைக்கவில்லை. பாதி எழுத்துகளைக் கருவி தப்பாகப் படித்ததாம். காலையில் கூப்பிடப் போனேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இந்தத் தடவை நான் எழுதினேம்பா" என்றாள்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வரலாம். எங்கே, யார் துணை என்று கேளுங்கள். திருப்தியானால் பேனாவை எடுங்கள். ஓராண்டைத் தவறவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.