டர்போ கிட்: பட்டறையில் முடியும், சாலையில் முடியுமா?

டர்போ என்பது என்ஜின் வெளித்தள்ளும் சூடான புகையின் வேகத்தையே பயன்படுத்திக் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி. புகை வழியில் ஒரு சிறிய சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் காற்றை இழுத்து அழுத்தும் இன்னொரு சக்கரம். முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சிசி மாறாமலே இழுவை கூடுவது இப்படித்தான்.

இன்று விற்கும் டீசல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும், பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் டர்போ உண்டு. கம்பெனியே பொருத்தித் தருவதால் அவற்றில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. வாங்கிய பிறகு வெளியில் பொருத்தும் டர்போ கிட்தான் பிரச்சினை. கிட் என்றால் டர்போ மட்டும் அல்ல. அதைத் தாங்கும் மேனிஃபோல்டு, அழுத்தத்தால் சூடேறிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர்கள், ஆயில் குழாய்கள், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் இத்தனைக்கும் ஏற்றபடி திருத்திய மென்பொருள் எல்லாம் சேர்ந்தது. வார்ப்படம், லேத், பம்பு, மோட்டார் என்று வளர்ந்த கோயம்புத்தூரில் மேனிஃபோல்டை வார்க்கவும் குழாயை வளைத்துப் பற்றவைக்கவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. பொருத்த முடியுமா என்ற சந்தேகம் இங்கே யாருக்கும் வராது. பொருத்திய காரைச் சாலையில் ஓட்டலாமா என்பதில்தான் குழப்பம்.

குழப்பத்தைத் தீர்க்கப் புகையிலிருந்து தொடங்க வேண்டும். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறது. ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டி என்ஜின் ஓடினால்தான் அதற்கு அந்த வேலை ஓடும். பெட்ரோல் கூடினால் முதல் இரண்டும் தப்பித்து வெளியேறும். காற்று கூடினால் மூன்றாவது தப்பிக்கும். டர்போ இல்லாத காரென்று வடிவமைத்த என்ஜினில் அழுத்தத்தை ஏற்றினால் எரிபொருள் தானாக வெடித்து 'நாக்' அடிக்கும். பிஸ்டனைக் காப்பாற்ற, டியூனர் பெட்ரோலைக் கூட்டி 'ரிச்' ஆக ஓட்டுவார், தீப்பொறியைத் தாமதப்படுத்துவார். என்ஜின் பிழைக்கும், புகை கெடும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான் மாசு மிக அதிகம். அப்போது கன்வெர்ட்டருக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பகுதியை டர்போவின் இரும்பு குடித்துவிடுவதால் கன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளவும் தாமதமாகிறது. கார் கம்பெனி இதே சிக்கலை மாதக்கணக்கில் சோதித்துச் சரிசெய்கிறது. வெளியில் பொருத்துபவரிடம் அதற்கான ஆய்வுக்கூடம் இல்லை. புகை தடையின்றிப் போகட்டும் என்று சிலர் கன்வெர்ட்டரையே கழற்றிவிடுவதும் உண்டு.

டீசலில் கதை வேறு. அங்கே டர்போ ஏற்கெனவே இருக்கிறது. பெரிய டர்போவை மாட்டி, ஈசியு மென்பொருளைத் திருத்தி 'ரீமேப்' செய்வதுதான் வழக்கம். காற்றை மிஞ்சி டீசலைக் கூட்டினால் அது கரும்புகையாகப் போகும். பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதிப்படி வந்த டீசல் காரில் அந்தக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு அதையும் கழற்றச் சொல்வார்கள்.

அளவுகோலோ இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. பி.எஸ்.4 விதிகள் நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1-இலும், ஐந்தை விட்டுத் தாவி பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரல் 1-இலும் நடைமுறைக்கு வந்தன. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆனது. பெட்ரோல் காருக்கு 80-லிருந்து 60. 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் கட்டமாக, ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றி உண்மையான சாலையில் ஓட்டும்போதும் புகையை அளக்கிறார்கள். ஒவ்வொரு மாடலும் இந்தச் சோதனைகளில் தேறிய பிறகே விற்பனைக்கு வருகிறது. சான்றிதழ், சோதனைக்கு வந்த அதே என்ஜின், அதே மென்பொருள், அதே கன்வெர்ட்டர் அடங்கிய தொகுப்புக்கு. அதில் ஒன்றை மாற்றினால் சான்றிதழ் பேசும் வண்டி வேறு, சாலையில் ஓடும் வண்டி வேறு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதைத்தான் தன் மொழியில் சொல்கிறது: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி. புக்கில் சிசிதானே இருக்கிறது, டர்போவால் சிசி மாறவில்லையே என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம், ஆனால் நிற்காது. கேரள உயர் நீதிமன்றத்தின் தாராளமான விளக்கத்தை மாற்றி, ஆர்.டி.ஓ. எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற இயலாது என்று அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது.

அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, உதிரிபாகம் பொருத்துவது உட்பட, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பது கவனிக்க வேண்டிய இடம். டர்போ ஒன்று, கழற்றிய கன்வெர்ட்டர் இரண்டு, மாற்றிய சைலென்சர் மூன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். பொருத்தித் தருபவரும் தப்ப முடியாது. சட்டத்தின் வரையறையில் வண்டி பழுது பார்ப்பவரும் 'டீலர்'தான். டீலர் விதிமீறி வண்டியை மாற்றினால் ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை, ஒலி வரம்புகளை மீறுவதற்கு 190-ஆம் பிரிவு தனி.

இத்தனைக்கும் பிறகு, "புகைச் சான்று வாங்கிவிட்டேனே" என்பார் உரிமையாளர். வாங்கியிருக்கக்கூடும். பி.எஸ்.4, பி.எஸ்.6 கார்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அந்தச் சோதனையில், பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே உறுமுகிறது. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ஹைட்ரோகார்பன் எவ்வளவு, சுமார் 2,500 சுற்றில் எப்படி என்று பார்ப்பார்கள். சுமை இல்லாமல் நிற்கும் காரில் டர்போ காற்றை அநேகமாக அழுத்துவதே இல்லை. ஆனைகட்டி ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வரும் புகையை அந்தக் கருவி பார்ப்பதில்லை. நம் நாட்டுப் புகைச் சோதனையின் பெரிய ஓட்டை இது. ஆனால் ஓட்டை வழியே நுழைந்து வந்த சான்று, வண்டியை மாற்றக் கொடுத்த அனுமதி ஆகிவிடாது.

சட்டம் மாற்றங்கள் அனைத்தையும் தடுக்கவும் இல்லை. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் என்று எரிபொருளை மாற்றும் கிட்களுக்கு 52-ஆம் பிரிவே வழி விட்டிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் கிட்டைச் சோதித்துச் சான்று தர வேண்டும். பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். புகையைக் குறைக்கும் மாற்றத்துக்கு வாசல் உண்டு, வேகத்தைக் கூட்டும் மாற்றத்துக்கு அப்படியொரு வாசல் வைக்கப்படவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலைமை மாறானது. அங்கே டர்போ கிட் தயாரிப்பவர், தன் கிட் மாசைக் கூட்டவில்லை என்று மாநிலக் காற்று வள வாரியத்திடம் நிரூபித்தால் ஓர் ஆணை எண் கிடைக்கும். குறிப்பிட்ட மாடல்களில் அதைப் பொருத்திச் சாலையில் ஓட்டலாம். எண் இல்லாத கிட்டுக்கு அங்கும் சாலை இல்லை. இங்கே விதி கடுமையாக இருப்பது அல்ல குறை. நல்ல கிட்டையும் கெட்ட கிட்டையும் பிரித்துப் பார்க்க எந்த ஏற்பாடும் இல்லாததுதான்.

சாதாரணக் காருக்கு முறைப்படி டர்போ வந்த கதை கோவையிலேயே உண்டு. இவ்வூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சரிபாதிப் பங்கில் 2017-இல் கூட்டு நிறுவனம் தொடங்கின. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்ற கார்கள் வந்தன. வழக்கமான டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு 85 குதிரைத்திறன். டர்போவுடன் வந்த ஜே.டி.பி.க்கு 114. சஸ்பென்ஷன், டயர், கியர் விகிதம் எல்லாம் அதற்கேற்ப மாறின. மாறியது தனி ஒரு காரல்ல, ஒரு மாடல். அந்த மாடலே சான்று பெற்று, அந்த விவரத்தோடு ஆர்.சி.யில் ஏறியது. பட்டறையில் கிட் போட்ட டியாகோவும் இதே இழுவையைத் தரலாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. பி.எஸ்.6 வந்தபோது ஜே.டி.பி. கார்கள் புதிய அளவுக்கு மேம்படுத்தப்படாமல் நின்றுபோயின. முறைப்படி செய்தவர்களுக்கே அந்தப் படி உயரமாக இருந்தது.

பந்தயக் காருக்கு இந்தக் கவலை இல்லை. பதிவு வேண்டும் என்று சட்டம் கேட்பது சாலைக்கான வண்டிக்கு. செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த, கோவையின் பந்தய முன்னோடி எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு, வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி ஓட்டினால், போட்டி விதிகள் அனுமதிக்கும் எந்த டர்போவும் சரி. அதே வண்டியை எல் அண்ட் டி பைபாஸில் ஓட்டினால் மாற்றத்துக்கு ஒரு வழக்கு. வேகப்போட்டி நடத்தினால் 189-ஆம் பிரிவில் இன்னொன்று.

காப்பீட்டில் சிக்கல் மௌனமாக உட்கார்ந்திருக்கும். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். வாரண்டி அதற்கு முன்பே போயிருக்கும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதும் மோட்டார் வாகன ஆய்வாளர் பானெட்டைத் திறப்பார். பழைய கார் வாங்குபவர்தான் இதில் அதிகம் ஏமாறக்கூடியவர். 182ஏ பிரிவு மாற்றியவரைக் குறிவைத்தாலும், மாறிய வண்டியோடு சாலையில் நிறுத்தப்படுபவர் இன்றைய உரிமையாளர். எனவே கைமாறும் முன் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணை ஒப்பிட்டு, கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்த்து, கழற்றிய மூலப் பாகங்களையும் ஈசியுவின் பழைய மென்பொருளையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவை கிடைக்காத வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு, பேசிய விலையில் கழிக்க வேண்டிய தொகை.