இருளிலும் பொழுதறிதல்

மாலைப்பொழுதில் தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளைக் கூப்பிக்கொள்வதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். கதிரவன் மறைதலால் அவை உறங்குகின்றன என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. 1729-ஆம் ஆண்டில் டெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வாறு அமைந்தாரல்லர். தொட்டாற்சுருங்கியை ஒத்த செடியொன்றை ஒளி புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். அச்செடி இருளிற் கிடந்தும் பகலில் இலைகளை விரித்து இரவில் மடக்கிற்று. காணாமலே அது ஞாயிற்றை உணர்கின்றது போலும் என அக்காலத்தார் எண்ணினர். பொழுதளக்கும் கருவி செடியினுள்ளேயே உண்டென்பது பிற்காலத்தார் தெளிந்த உண்மை.

மனிதர்க்கும் அத்தகைய கருவி உண்டோ? 1938-இல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சார்ந்த கிளைட்மன் என்பார், ரிச்சர்ட்ஸன் என்னும் மாணவரோடு, அமெரிக்காவின் மாமத் குகையில் 32 நாள் தங்கினார். 28 மணி நேரத்தை ஒரு நாளாக வகுத்துக்கொண்டு இருவரும் உண்டு உறங்கினர். பகலில் ஏறி இரவில் இறங்கும் உடல் வெப்பம், இளைஞராகிய மாணவரிடத்துப் புதிய நாளுக்கு இசைந்தது. ஆசிரியரிடத்தோ பழைய 24 மணிக் கணக்கை விடவில்லை.

இதனினும் வியப்புடையது பிரான்ஸ் தேசத்து மிஷெல் சிஃப்ர் செய்த சோதனை. 1962-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் கடிகாரமின்றி ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றினுள் இறங்கினார். விழிக்கும்போதும் படுக்கும்போதும் தொலைபேசி வாயிலாக மேலுள்ளார்க்குத் தெரிவிப்பார். அவர்களோ மணி இன்னதென்று கூறார். செப்டம்பர் 14-ஆம் நாள் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்டு 20 என்றே அவர் கருதியிருந்தார்! 25 நாள் அவர் மனக்கணக்கினின்று நழுவிப்போயின. ஆயினும் மேலுள்ளார் எழுதிவைத்த குறிப்பை நோக்கின், அவர் உறங்கியெழுந்த முறை ஏறக்குறைய இருபத்துநாலரை மணிக்கு ஒருமுறையாக ஒழுங்குபட்டே நடந்திருந்தது. மனம் பிழைத்தது, உடல் பிழைக்கவில்லை.

அவ்வுட்கடிகாரம் மூளையில், இரு கண்ணரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. நம்மிற் பெரும்பாலார்க்கு அது 24 மணியினும் சிறிது மிகுதியாகவே ஓடும். காலையொளி அதனை நாடோறும் திருத்துகின்றது. இரவில் கண்முன் எரியும் விளக்கோ பின்னும் பிந்தச் செய்கின்றது.

வைகறையில் எழுந்து படிப்பவனே நன்மாணாக்கன் என்பர் நம் பெரியோர். அவர்தம் உடற்கு அது பொருந்தியதாகலாம். இருபது வயதையடுத்த பருவத்திலோ, இக்கடிகாரம் வாழ்நாளில் வேறெப்பொழுதினும் பிந்தி ஓடுகின்றது என ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆதலின் விடுதி மாணவனுக்கு நேரத்தில் உறக்கம் வாராமையை மடிமை என இகழ்தல் முறையன்று. அவனை விடியுமுன் எழுப்புதலால் விளையும் கேடு ஒன்றுண்டு. கண்மணிகள் இமைக்குள் விரைந்தசையும் கனவுத் துயிலை 1953-இல் அஸெரின்ஸ்கியும் முற்கூறிய கிளைட்மனும் வெளியிட்டனர். இத்துயில் இரவின் கடைப்பகுதியிலேயே மிகுதியாக நிகழ்வது. நள்ளிரவிற் படுத்து நான்கு மணிக்கு எழுப்பப்படுவோன் இதனிற் பெரும்பகுதியை இழக்கின்றான்.