வரன் தேடுவது யார் கை?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் ‘மணமகள் தேவை’ பகுதியில் ஒரு வாழ்க்கை நான்கு வரியில் அடங்கிக் கிடக்கும். வயது, உயரம், நட்சத்திரம், படிப்பு, மாதச் சம்பளம், சொந்த வீடு, ராகு கேது உண்டா இல்லையா, கடைசியில் ஒரு செல்பேசி எண். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் பெற்றோர் பணம் கட்டி அதை வெளியிடுகிறார்கள். அதில் யாருக்கும் கூச்சமில்லை. அதே மகனோ மகளோ தன் படத்தையும் இரண்டு வரி அறிமுகத்தையும் டிண்டர் என்ற டேட்டிங் செயலியில் போட்டால் மட்டும், ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்கிற காரியமா இது?’ என்கிறோம். அந்நியரிடம் விவரம் சொல்வது தவறென்றால் இரண்டுமே தவறாக வேண்டும். நம்மை உறுத்துவது, தேர்வு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

திருமண இணையதளங்களைத் தமிழ்க் குடும்பங்கள் சட்டென்று ஏற்றுக்கொண்டதற்கும் இதுவே காரணம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அமெரிக்காவில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக நடத்திய இணையதளத்தில் வரன் பகுதியைத் தொடங்கினார். அது பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. இத்தகைய தளங்களில் பதிவு செய்யப் போனால் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வரும்: இந்த விவரம் யாருக்காக? எனக்காக, மகனுக்காக, மகளுக்காக, சகோதரிக்காக என்று விடைகள் வரிசையாக நிற்கும். சற்று நேரத்தில் சாதியும் உட்பிரிவும் வந்துவிடும். தரகரின் பையில் இருந்த ஜாதகக் கட்டு கணினிக்குள் போனதே தவிர, பெரியவர்களின் இடம் அப்படியே இருந்தது. 2016இல் மத்திய அரசு, இத்தளங்கள் திருமணத்துக்கு மட்டுமே, டேட்டிங்குக்கு அல்ல என்று அறிவிக்கும்படி அறிவுறுத்தியது. சமூகம் மனத்தில் வரைந்திருந்த எல்லை அரசு ஆவணத்திலும் ஏறிவிட்டது.

டேட்டிங் செயலிக்கு வருகிறவர்கள் பொழுதுபோக்கத்தான் வருகிறார்கள் என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் நிறையவே உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் இளக்காரப் பேச்சு இருந்தது. 2005இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, இணையத்தில் துணை தேடுகிறவர்கள் வேறு கதியற்றவர்கள் என்று இணையம் பயன்படுத்துவோரில் 29 சதவீதம் பேர் சொன்னார்கள். 2013இல் அது 21 ஆனது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் கணக்குப்படி, 2017இல் அங்கே அறிமுகமான ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள். நம் ஊர் அமெரிக்கா ஆகிவிடாது, ஆகவும் வேண்டாம். ஆனால் 2011-12இல் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தன. சாதிக் கட்டத்தை நிரப்பாமலே இருவர் பேசிப் பழக ஓர் இடம் இருப்பது இந்த நாட்டில் சிறிய விஷயமில்லை. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கோ, வரன் பக்கத்தில் அநேகமாக இடமே கிடையாது.

மோசடி பயம் நியாயமானது. வெளிநாட்டு மருத்துவர் என்று சொல்லி, பரிசுப் பொட்டலம் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது, பணம் கட்டு என்று பறிக்கும் கும்பல் திருமணத் தளங்களிலும்தான் வலை விரிக்கிறது. அக்கம்பக்கத்திலும் அலுவலகத்திலும் விசாரிக்கும் நம் பழைய வழக்கம் இங்கே உண்மையிலேயே உதவும்; பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தவரைப் பற்றியும் அப்படி விசாரிக்கலாம். ஆனால் அதற்கு வீட்டுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யாரை, எங்கே, எத்தனை மணிக்குச் சந்திக்கப் போகிறாள் என்று ஒரு பெண் அம்மாவிடமோ அக்காவிடமோ சொல்ல முடிந்தால் பாதி ஆபத்து அங்கேயே குறையும். சொன்னால் செல்பேசி பறிபோகும், வேலைக்குப் போவதும் நின்றுபோகும் என்று அவள் அஞ்சும்வரை, ஏமாற்றுகிறவனுக்கு வேறு ஆயுதம் தேவையில்லை. ‘உன் வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்ற ஒரு வார்த்தையே போதும்.