120 வயது ரெயில் சட்டம் ரத்து!
கூடலூருக்கு என்ன கிடைத்தது?

கூடலூரில் ரெயில் நிலையம் இல்லை. கம்பத்திலும் இல்லை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ரெயில் சட்டம் ஒன்று உண்டு. அது பிறந்தது 1905-ல். 120 ஆண்டு உயிரோடு இருந்தது!

மனிதனுக்கு வயதானால் சாவு வருகிறது. மாட்டுக்கும் மரத்துக்கும் அப்படியே. சட்டம் மட்டும், கெடு வைத்து எழுதினால் ஒழிய, தானாகச் சாகாது. "இனி இது வேண்டாம்" என்று பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட வேண்டும். அதற்குப் பெயர்தான் ரத்து.

கங்கையில் போகும் படகுகளுக்குச் சுங்கம் வாங்க 1867-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வாடகைக் குதிரை வண்டிகளுக்கு 1879-ல் ஒன்று. ஜட்கா வண்டிகள் மறைந்தன. ஜட்காவில் போனவர்களும் மறைந்தார்கள். சட்டம் மறையவில்லை! 2017 டிசம்பரில்தான் பாராளுமன்றம் இந்த இரண்டையும் நீக்கியது. 2014-க்குப் பிறகு இப்படி நீக்கப்பட்ட பழைய சட்டங்கள் 1,500-க்கும் மேல்.

மூன்று பேர் போர்டு

இனி ரெயிலுக்கு வருவோம்.

கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலம். அப்போது ரெயில் வேலையைப் பொதுப்பணி இலாகா கவனித்து வந்தது. தாமஸ் ராபர்ட்சன் என்ற நிபுணரை அழைத்து ஆராயச் சொன்னார்கள். "ரெயில் தெரிந்த சிலரைக் கொண்டு தனிக் குழு அமையுங்கள்" என்றார் அவர். அப்படி வந்ததுதான் ரெயில்வே போர்டு. முதலில் மொத்தம் மூன்றே பேர்!

இந்தப் போர்டுக்கு அதிகாரம் கொடுக்க 1905-ல் ஒரு குட்டிச் சட்டம் போட்டார்கள். 1890-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தில் சர்க்காருக்கு உள்ள அதிகாரத்தைப் போர்டிடம் ஒப்படைக்கலாம் என்பதே அதன் சாரம்.

சுதந்திரம் வந்தது. 1989-ல் புதிய ரெயில்வே சட்டம் போட்டார்கள். 1890-ம் ஆண்டு சட்டம் போனது. 1905-ம் ஆண்டு சட்டம் போகவில்லை. சுவரை இடித்த பிறகும் அதில் சாய்த்து வைத்த ஏணி மட்டும் நின்றதுபோல!

இந்த ஏணியை எடுக்க 2024 ஆகஸ்டில் மசோதா வந்தது. 2024 டிசம்பர் 11-ல் மக்களவையும், 2025 மார்ச் 10-ல் மாநிலங்களவையும் நிறைவேற்றின. போர்டு ஒழியவில்லை. போர்டு பற்றிய விதிகளை 1989-ம் ஆண்டு சட்டத்துக்குள் சேர்த்துவிட்டு, பழைய சட்டத்தை ரத்து செய்தார்கள்.

"சட்டம் போனால் அந்தச் சட்டப்படி போட்ட உத்தரவுகள் என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். அவை செல்லும். ஒரு சட்டம் ரத்தானாலும் அதன்படி ஏற்கெனவே நடந்த காரியங்கள் கெடாது என்று வேறொரு சட்டம் சொல்கிறது. அது எந்த ஆண்டுச் சட்டம் தெரியுமா? 1897! அதை யாரும் ரத்து செய்யவில்லை. செய்யவும் கூடாது. தினமும் வேலை செய்கிற சட்டம் அது.

பழசு என்பதாலேயே எதையும் தூக்கி எறிந்துவிட முடியாது. கூடலூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக்குக் குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். அது சட்டம் அல்ல, ஒப்பந்தம். பெரியாறு தண்ணீர் இன்றும் லோயர்கேம்ப் வழியாக இறங்கி கூடலூர் வயலுக்கு வருவது அந்தப் பத்திரத்தின் பலத்தில்தான்.

அதிகாரம் யாரிடம்?

மசோதா மீது பாராளுமன்றத்தில் காரசாரமாகப் பேசினார்கள். "பழைய சட்டத்தை மடித்துப் புதிய சட்டத்துக்குள் வைத்தால் போதுமா? டெல்லியில் குவிந்துள்ள அதிகாரத்தை மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டாமா?" என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். மண்டலங்களின் அதிகாரம் குறையாது என்றார் ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ்.

இந்தக் கேள்வி நம் ஊருக்குச் சம்பந்தம் உள்ளது.

மதுரை–போடி பாதை 1928-ல் வந்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் ரெயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரெயில் வந்தது 2022 மே 26-ல். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ல். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பையே முடித்துவிடும் காலம்! அத்தனை ஆண்டும் மக்கள் பஸ்சில்தான் போனார்கள்.

கூடலூருக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை. தேனி ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் பஸ்சைத்தான் பிடிக்க வேண்டும். திராட்சைக் கூடைகள் லாரியில்தான் போகின்றன.

திண்டுக்கல்லில் இருந்து கம்பம், கூடலூர் வழியாக லோயர்கேம்ப் வரை ரெயில் பாதை வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. மனு மதுரைக் கோட்ட அலுவலகத்துக்குப் போகலாம். சென்னையில் உள்ள தெற்கு ரெயில்வேக்கும் போகலாம். ஆனால் புதிய பாதைக்குச் சரி என்று சொல்வதும், பணம் ஒதுக்குவதும் டெல்லிதான். 1905-ம் ஆண்டு சட்டம் இருந்தபோதும் அப்படித்தான். அது ரத்தான பிறகும் அப்படித்தான்.