மலை ஏறிய பைக் ஏன் இருமுகிறது?



மொனராகலையில் ஜோராக ஓடும் டேர்ட் பைக், தியத்தலாவைக்குப் போனதும் ஏன் திணறிக் கறுப்புப் புகை விடுகிறது? இது நல்ல கேள்வி. கேள்வியிலேயே இரண்டு ஊர் இருக்கிறது பாருங்கள். விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மொனராகலை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெல்லவாய, எல்ல, பண்டாரவளை என்று வளைந்து வளைந்து ஏறித் தியத்தலாவையை அடைந்தால் 1200 மீட்டருக்கும் மேல்! ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் பைக்குகள் புழுதி கிளப்பிப் பாயும் ஊர் அதுதான்.

பைக்கில் காற்றையும் பெற்றோலையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் கருவிக்குக் காபரேட்டர் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு ஸ்ட்ரோவை நிமிர்த்திப் பிடியுங்கள். மேல் நுனி தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். இன்னொரு ஸ்ட்ரோவை அந்த நுனியின் குறுக்கே வைத்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் தானாக ஏறி, துமித்துளியாகத் தெறிக்கும்!

வேகமாகக் காற்று பாயும் அந்த நுனியில் அழுத்தம் குறைகிறது. கோப்பைக்கு மேலுள்ள காற்று, தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. விளங்கியதா? இல்லாவிட்டால் இன்னொரு தடவை ஊதிப் பாருங்கள். காபரேட்டரின் ஒடுங்கிய வழியில் பாயும் காற்று, கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெற்றோலை இழுப்பதும் இதே முறையில்தான். பெற்றோல் ஏறிவரும் சின்னத் துளைதான் ஜெட்.

இனி ஒரு கணக்கு. 1 கிராம் பெற்றோல் ஒழுங்காக எரிய, ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். அப்படியானால் 1 லீற்றர் பெற்றோலுக்கு? சுமார் 9000 லீற்றர் காற்று! பைக் குடிப்பது பெற்றோலைவிடக் காற்றைத்தான் அதிகம்.

ஆனால் மேலே போகப் போகக் காற்று ஐதாகிறது. மொனராகலையில் 10 கிராம் காற்று இருக்கும் அதே அளவு இடத்தில், தியத்தலாவையில் ஏறக்குறைய 9 கிராம்தான் இருக்கும். ஜெட்டின் துளையோ மாறவில்லை. பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாமல் வருகிறது. எரிய முடியாத மிச்சம் கரியாகிப் புகையாய் வெளியேறுகிறது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி கறுத்திருக்கும். தியத்தலாவையில் கொஞ்சம் சிறிய ஜெட் போட வேண்டும். கீழே இறங்கியதும் பழையதை மறக்காமல் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோல் போதாமல் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். பிளக் நுனியும் வெளுத்துப்போகும். புதிய பைக்குகள் பலவற்றில் காபரேட்டரே இல்லை. காற்றை அளக்கும் உணரிகளின் உதவியோடு, பெற்றோல் அளவை ஒரு சின்னக் கணினி சரிசெய்துகொள்கிறது.

இன்னொரு புதிர். பைக் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. பெற்றோல் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்ற சத்தம். மறுபடி ஓடுகிறது! என்ன காரணம்? யோசியுங்கள். மூடியில் காற்றுப் போக ஒரு நுண்ணிய துளை உண்டு. அதைச் சேறு அடைத்துவிட்டால் தாங்கிக்குள் காற்று நுழையாது. காற்று நுழையாவிட்டால் பெற்றோலும் கீழே இறங்காது. இதைப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே காபரேட்டரைப் பிரித்துப் போடுகிற ஆட்கள் அவசரக்காரர்கள் என்பது என் எண்ணம்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்ததைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். கியூ.ஆர். அட்டை காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று தொடங்கிய காலம். அப்படிப் பெற்றோல் இல்லாமலோ வேறு காரணத்தாலோ ஓடாமல் வாரக்கணக்கில் நிற்கும் பைக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. காபரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து மாறி, பலாப்பால் மாதிரிப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். காபரேட்டரின் ஜெட்டுகளில் முதலில் அடைபடுவது மிக நுண்ணியது. மெதுவாக ஓடும்போது பெற்றோல் தருவது அதுதான். ‘சோக்’ இழுத்தால் மட்டும் பைக் ஓடுகிறதா? சோக் காற்றைக் குறைத்தோ பெற்றோலைக் கூட்டியோ கலவையை மாற்றுகிறது. அப்போது ஓடினால், பெற்றோல் போதவில்லை என்று பொருள். சந்தேகம் அந்த ஜெட் மேல்தான்!

ஜெட்டைக் கழுவுவது பெரியவர்கள் வேலை. பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும்; அடுப்போ நெருப்புக்குச்சியோ கிட்ட இருக்கவே கூடாது. நீங்கள் எட்டி நின்று, கராஜ் பாஸ் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கெட்டிக்கார பாஸ் ஜெட்டைக் கம்பியால் குத்தமாட்டார். அது மென்மையான பித்தளை. குத்தினால் துளை பெரிதாகிவிடும். கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். துளை வட்டமாகத் தெரிந்தால்தான் திரும்ப மாட்டுவார்.