திருக்கையைத் துண்டு போடும் முன்

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டும் திருக்கைக் குழம்பும் செய்து கொடுப்பது நம் கடலோர வீடுகளில் வழக்கம். அதை விட்டொழிக்கச் சொல்லவில்லை. எந்தத் திருக்கை, எவ்வளவு பெரியது என்று கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

அனல்மின் நிலையப் புகையிலும் ஆலைக் கழிவிலும் கலந்து வரும் பாதரசம் கடலில் சேர்கிறது. காற்றுப் புகாத முகத்துவாரச் சேற்றில் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக்குகின்றன. புழுவை இறால் தின்ன, இறாலை மீன் தின்ன, படிக்குப் படி நஞ்சு ஏறும். திருக்கை இந்த ஏணியில் எங்கே நிற்கிறது என்பது அதன் இரையைப் பொறுத்தது. சிப்பியை நொறுக்கித் தின்னும் குருவித் திருக்கைக்கும் மீனையே வேட்டையாடும் திருக்கைக்கும் கணக்கு ஒன்றல்ல. வயதும் சேர வேண்டும்: பெருத்த மீன் பல வருட நஞ்சைச் சதையில் வைத்திருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் சராசரி கிலோவுக்கு 0.98 மி.கி.; திருக்கையின் உறவான ஸ்கேட்டுக்கு 0.14, மத்திக்கு வெறும் 0.013.

உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை தாங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் அமைத்த நிபுணர் குழுவின் அளவு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 1 மி.கி. இருந்தால், நூறு கிராம் தின்பதற்குள் அந்த வாரக் கணக்கு தீர்ந்துவிடும்.

மஞ்சள் போட்டு அலசினால் போவது யூரியாவால் வரும் வாடை மட்டுமே. பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கிடப்பது. புளிக்கும் கொதிக்கும் அசையாது. கருவாட்டில் நீர் வற்றுவதால் எடைக்கு எடை அது கூடுதல்தான்.

உண்மையில் பேறுகாலக் குழம்பைவிடக் கர்ப்ப மாதங்களில் சாப்பிடுவதுதான் கவலைக்குரியது. இந்த நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைக்குப் போகும்; தாய்ப்பாலில் இறங்குவது அதைவிடக் குறைவு. நோய் 1956இல் வெளிப்பட்ட ஜப்பானின் மினமாட்டாவில், பெரிதாக அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே பெரிய திருக்கையையும் சுறாவையும் நிறுத்திவிட்டு மத்தி, நெத்திலி பக்கம் போவது நல்லது. சந்தையில் வெட்டிக் குவித்த துண்டுக்கு வயது தெரியாது. முழு மீனைக் காட்டச் சொல்லி, சிறியதாகப் பார்த்து வெட்டி வாங்குங்கள்.

சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40 கைகொடுக்கும். பரிசோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறலாம். மீன் சட்ட அளவை மீறியிருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நடவடிக்கைக்காக அறிக்கை நியமன அலுவலருக்கும் போகும். பிரிவு 18 மீனவரின் தொழிலுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தருகிறது. சரிதான், கடலில் பாதரசத்தைக் கொட்டியவர் அவரல்லவே.

கொட்டியவரைக் கேட்க வேறு வழி உண்டு. அனல்மின் நிலையப் புகைக்கு 2015இல் பாதரச வரம்பு விதிக்கப்பட்டது. உங்கள் ஊர் நிலையத்தின் அளவீடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். பாதிப்புக்கு இழப்பீடு கோரிச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாய அமர்வுக்குப் போகலாம்; அதற்குக் கெடு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு.